மன்னார்குடிக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: 14 வருடமாக சிங்கப்பூரில் இருக்கிறேன். உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. நான், மனைவி, பையன் மூவருமே பிஆர் (நிரந்தரவாசிகள்). பையன் தொடக்கநிலை 5 படிக்கிறான். மன்னார்குடியில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 74. போன தையில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனது. அப்போதிருந்து தூக்கம் இல்லை. சென்னையில் ஒரு நிறுவனம் வேலை தரத் தயாராக இருக்கிறது. சம்பளம் பாதிதான், பரவாயில்லை. மனைவிக்கும் விருப்பம்தான் என்று நினைக்கிறேன். அம்மாவுக்காகத் திரும்பிவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் 'சென்னையில்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

ஒரு கணக்குப் போடுவோம். சாங்கியிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூர் வழியாக மன்னார்குடிக்குக் காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். சென்னையிலிருந்தால் எழும்பூரில் இரவு மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி விடிகாலையில் இறங்குவீர்கள். காரில் வந்தாலும் ஆறேழு மணி நேரம். விமான நிலையக் காத்திருப்பைச் சேர்த்தாலும் அம்மாவுக்கு நீங்கள் நெருங்கி வரப்போவது சில மணி நேரம்தான். அதற்காகப் பாதிச் சம்பளத்தையும் பையனின் பள்ளியையும் விடப்போகிறீர்கள்.

இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. நான் 1992-ல் சிங்கப்பூர் போய் 2011-ல் திரும்பியவன். காரணம் கேட்டவர்களிடம் எல்லாம் "அப்பாவுக்காக" என்றேன். அப்பா இருந்தது திருவாரூரில். எனக்கு வேலை கிடைத்தது சென்னையில். மேடவாக்கத்தில் வீடு பிடித்தேன். மாதம் ஒரு முறை ஊருக்குப் போவேன், சில மாதம் அதுவும் கிடையாது. சிங்கப்பூரில் இருந்தபோதாவது ஊருக்கு வந்தால் சேர்ந்தாற்போல் மூன்று வாரம் அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். சென்னைக்கு வந்த பிறகு சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு ராத்திரி பஸ் ஏறினால் சரி. 2013-ல் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு அம்மா போன் செய்தார். கார் பிடித்துப் போய்ச் சேரும்போது காலை ஆறரை. துபாயில் இருந்த தம்பி அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வந்துவிட்டான். இரண்டு பேருமே அப்பாவை உயிரோடு பார்க்கவில்லை. இரண்டு வருடம் முன்னாலேயே நாடு திரும்பியவனுக்கும் திரும்பாதவனுக்கும் பத்து மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை.

அதனால் நேராகக் கேட்கிறேன். அம்மாவுக்காகத்தான் என்றால் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ வேலை தேடினீர்களா? இல்லை, சென்னை வேலை பிடித்திருக்கிறது, அம்மா அதற்கு ஒரு நியாயம் என்றால் அதுவும் தப்பில்லை. ஆனால் அப்படியே சொல்லிக்கொண்டு வாருங்கள். அம்மா பெயரைச் சொல்லி வந்துவிட்டு, இங்கே ஆபீஸ் சரியில்லாத ஒவ்வொரு நாளும் அவர் மீது மனசுக்குள் வருத்தப்பட வேண்டாம். நான் பட்டிருக்கிறேன். அம்மா சென்னைக்கே வந்து உங்களோடு இருப்பார் என்று ஒரு எண்ணம் இருந்தால், அவரைக் கேட்டீர்களா? கொல்லைப்புறமும் ராஜகோபாலசாமி கோவிலும் இல்லாத எட்டாவது மாடியில் எத்தனை நாள் இருப்பார்?

"விருப்பம்தான் என்று நினைக்கிறேன்" என்று மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நினைக்கிறீர்களா? இத்தனை வருடம் சேர்ந்து இருந்தவரிடம் கேட்டே விடலாமே. மாமியாரைக் கவனிக்கும் வேலை யார் தலையில் விழும் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

சரி, வருவது என்றே வைத்துக்கொள்வோம். எப்போது? எனக்கு அடுத்த வருடம் டிசம்பர் நல்லதாகப் படுகிறது. முதல் காரணம் பையன். அவன் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, எழுதி முடித்திருப்பான். ஒரு கட்டத்தை முழுதாக முடித்த பிள்ளை அடுத்த ஜூனில் இங்கே ஏழாம் வகுப்பில் புதுசாகத் தொடங்குவது, நடுவில் பிடுங்கி நடுவதைவிட எளிது. இடையில் கிடைக்கும் ஆறு மாதத்தைப் பாட்டி வீட்டில் கழிக்கட்டும். கணக்கும் அறிவியலும் சமாளித்துவிடுவான். எனக்குக் கவலை தமிழில்தான். அங்கே தாய்மொழிப் பாடமாக ஒழுங்காகத் தமிழ் படித்த பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்க்கப்போனால், "செகண்ட் லாங்வேஜ் ஹிந்தியா, பிரெஞ்சா?" என்று என்னைக் கேட்டார்கள். உங்களையும் கேட்கலாம், தயாராக வாருங்கள்.

இரண்டாவது காரணம் என்எஸ். பெற்றோர் வழியாக பிஆர் ஆன பையனுக்குத் தேசிய சேவை, அதாவது ராணுவம் போன்ற கட்டாயப் பணி, உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டில் சேர வேண்டும். 13 வயது ஆனதுமே, 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க எக்ஸிட் பர்மிட் வாங்க வேண்டும். இரண்டு வருடம், அதற்கு மேல் என்றால் பிணையும் கொடுக்க வேண்டும், தொகையாகக் கேட்டால் அது சின்னத் தொகை இல்லை. சேவை செய்யாமல் பிஆரைக் கைவிட்டால், பிற்காலத்தில் அவன் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது பாதிக்கும். பதினொரு வயதுப் பையனுக்காக நீங்கள் எடுக்கும் முடிவு அவனுடைய இருபத்தைந்தாவது வயதில் போய் நிற்கும். அவனையும் உட்காரவைத்துப் பேசுங்கள். புரியும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் புரிகிறது.

மூன்றாவது, வரி. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அக்டோபர் முதல் வாரத்துக்குப் பிறகு வந்து இறங்கினால் அந்த ஆண்டில் இங்கே 182 நாள் சேராது. முந்தைய நாலு வருடத்தில் ஊருக்கு அதிகம் வந்துபோகாதவர் என்றால் அந்த ஆண்டும் என்ஆர்ஐயாகவே கணக்கு. அப்புறம் பொதுவாக இரண்டு வருடம் ஆர்என்ஓஆர், அதாவது 'சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவர்' என்ற நிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் வரும் வட்டி, வாடகைக்கு இங்கே வரி இல்லை. என்ஆர்இ கணக்கை (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயில் போட்டுவைக்கும் கணக்கு) மட்டும் வந்ததும் வங்கியில் சொல்லி மாற்றிவிடுங்கள். வட்டிக்கு வரி இல்லை என்பது அதோடு முடிந்தது. எஃப்சிஎன்ஆர் (வெளிநாட்டுப் பணத்திலேயே போட்ட) வைப்பு இருந்தால் முதிர்வு வரை ஓடட்டும். ஒரு ஆடிட்டரை வருவதற்கு முன்னால் பாருங்கள். வந்த பிறகு பார்ப்பவர்கள்தான் அதிகம்.

மத்திய சேம நிதியில் (சிங்கப்பூரில் சம்பளத்திலிருந்து சேரும் சேமிப்பு) கைவைக்க அவசரப்படாதீர்கள். பிஆரை விட்டு, நிரந்தரமாக வெளியேறினால் முழுத் தொகையையும் எடுக்கலாம். எடுத்துவிட்டால் அந்தக் கதவு அதோடு சாத்தியாச்சு. மறுநுழைவு அனுமதி உங்களுக்கு எந்தத் தேதி வரை இருக்கிறது என்று பாருங்கள். நிறைய பேர் நீல அடையாள அட்டை இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள், வெளியே போய்விட்டுத் திரும்புகிறவருக்கு முக்கியம் அந்த அனுமதிதான். அதில் இரண்டு, மூன்று வருடம் மிச்சம் இருந்தால் சேமநிதியைத் தொடாமல் இங்கே ஒரு வருடம் வாழ்ந்து பாருங்கள். நான் வந்த மூன்றாம் மாதமே மொத்தத்தையும் எடுத்து, தாம்பரம் தாண்டி ஒரு அடுக்குமாடியில் போட்டேன். 'பதினெட்டு மாதத்தில் சாவி' என்றார்கள். சாவி கைக்கு வர நாலரை வருடம் ஆனது. அந்தக் கதை இன்னொரு இதழுக்கு.

இந்த ஜூன் விடுமுறை நான்கு வாரத்துக்கும் குடும்பத்தோடு மன்னார்குடிக்கு வாருங்கள். விருந்தாளியாக வேண்டாம். அம்மாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போங்கள், கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்யுங்கள், மின்சாரம் போன மதியத்தில் மடிக்கணினியைத் திறந்து வேலை பாருங்கள். டிசம்பரில் வந்தால் ஊரே அழகாக இருக்கும், எல்லாரும் அன்பாக இருப்பார்கள். அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. இதற்கிடையில், இன்றைக்கே யாரையாவது விட்டு அந்தக் குளியலறையில் கைப்பிடிக் கம்பி போட்டு, வழுக்காத தரை போடச் சொல்லுங்கள். அதற்கு நீங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை.

கேள்வி: துபாயில் ஒரே கம்பெனியில் 22 வருடம். அடிப்படைச் சம்பளம் 3,000 திர்ஹாம், அலவன்ஸ் சேர்த்து 6,500. "அடுத்த வருஷம் வந்துடறேன்" என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிராஜுவிட்டி வந்தால் ஊரில் என்ன தொழில் தொடங்கலாம்? (ஒரு வாசகர், இளையான்குடி)

பதில்: முதலில் எவ்வளவு வரும் என்று பார்ப்போம். அங்கே அடிப்படைச் சம்பளத்துக்குத்தான் கிராஜுவிட்டி, 6,500-ஐ மறந்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 100 திர்ஹாம். முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள், ஆகவே 10,500. மீதி 17 வருடத்துக்கு வருடம் 30 நாள், ஆகவே 51,000. மொத்தம் 61,500 திர்ஹாம். இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு, நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். இந்த எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். 22 வருட உழைப்புக்கு வீட்டார் மனசில் வேறு எண் இருக்கும், மைத்துனர் மனசில் அதைவிடப் பெரிய எண் இருக்கும்.

தொழில்? முதல் வருடம் ஒன்றும் வேண்டாம். யார் கடையிலாவது சம்பளத்துக்கு உட்காருங்கள். வியாபாரம் தெரியாமல் டிபார்ட்மெண்டல் ஸ்டோர் வைத்த கல்ஃப்காரர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊர் பஜாரில் விசாரித்தாலே சொல்வார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் "கிரீன்கார்டு வந்ததும் வந்துடறேம்மா" என்கிறான். நம்பலாமா? அவன் அப்பா காலமாகி நாலு வருடம். இரண்டு ஏக்கர் நஞ்சையை நான் தனியாகப் பார்க்க முடியவில்லை. விற்றுவிடவா, அவனுக்காக வைத்திருக்கவா? (ஒரு தாய், பாபநாசம்)

பதில்: அம்மா, கிரீன்கார்டு என்பது அங்கே இருப்பதற்கான அனுமதி. வருடத்துக்கு வழங்குவதில் ஒரு நாட்டுக்காரர்களுக்கு 7 சதவீதம்தான் என்று வரம்பு இருப்பதால், வேலை வழியாகக் கேட்கும் நம் பிள்ளைகள் பத்து வருடத்துக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள். வாங்கிய பிறகு ஒரு வருடம் சேர்ந்தாற்போல் வெளியே இருந்தால் அதுவே சிக்கலாகும். அதனால் "குடியுரிமை வாங்கிட்டு வரேன்" என்பான், அதற்கு இன்னும் ஐந்து வருடம். அவன் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது உண்மையாகத்தான் சொல்கிறான். ஆனால் அதை வைத்து நீங்கள் நாளை எண்ண வேண்டாம். தீபாவளிக்கு வருகிறானா, பொங்கலுக்கா, டிக்கெட் போட்டாச்சா என்று மட்டும் கேளுங்கள்.

நிலத்தை அவசரப்பட்டு விற்காதீர்கள். நாளைக்கு அவன் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டால், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர்) அட்டை வைத்திருந்தாலும் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் விற்றதை அவன் திரும்ப வாங்கவே முடியாமல் போகலாம். நம்பிக்கையான ஆளுக்குக் குத்தகைக்கு விடுங்கள், எழுத்தில் விடுங்கள்.

பட்டா இன்னும் அவன் அப்பா பெயரில்தான் இருக்கிறதா? அப்படியானால் முதலில் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுங்கள்.