மச்சினன் கடனும் கடவுள் கணக்கும்

கேள்வி: பிசான நடவுக்கு என்று என் மச்சினன் 40,000 ரூபாய் வாங்கினான். அறுப்பு முடிந்து நெல்லும் விற்றாகிவிட்டது, பணம் வரவில்லை. கேட்டால், "நான் தரமாட்டேன்னு கடவுளுக்கு முன்னாலேயே தெரியும்லா? அது தப்பாப் போவுமா? நான் என்ன செய்ய அத்தான்?" என்கிறான். என்ன பதில் சொல்வது?
- பெயர் வேண்டாம், கல்லிடைக்குறிச்சி

பதில்: உங்கள் மச்சினன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பழைய கிரேக்கத்தில் ஸீனோ என்ற தத்துவ ஆசிரியரின் அடிமையும் இதையேதான் சொன்னானாம். திருடியதற்கு அடி விழுந்தபோது, "திருடுவது என் விதி" என்றான். "அடி வாங்குவதும்தான்" என்றார் ஸீனோ. நீங்கள் வாசலில் வந்து நிற்பீர்கள் என்பதும் கடவுளுக்குத் தெரியும்லா! ஆனால் இது வாயை அடைக்குமே தவிர, கேள்விக்குப் பதில் ஆகாது.

ஆழ்வார்திருநகரியில் பவிஷ்யதாசாரியர், அதாவது வருங்கால ஆசாரியர், சன்னதி பார்த்திருப்பீர்கள். மதுரகவியாழ்வார் தாமிரபரணித் தண்ணீரைக் காய்ச்சியபோது, பின்னால் பிறக்கப்போகிற ராமானுஜரின் விக்கிரகம் அதில் கிடைத்தது என்பது ஐதீகம். அதை நம்புகிறவர்கள் யாரும், "அப்படியானால் ராமானுஜர் செய்ததெல்லாம் அவர் செய்தது இல்லை" என்று சொல்வதில்லை. அவர் வரப்போவதால்தான் அது முன்பே தெரிந்தது. முன்பே தெரிந்துவிட்டது என்பதற்காக அவர் வந்தார் என்று ஆகாது. 6ஆம் நூற்றாண்டில் மரண தண்டனைக்குக் காத்திருந்த ரோமானியத் தத்துவ ஆசிரியர் போயீதியஸும் சிறையிலிருந்து கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார்: கடவுளுக்கு நேற்று, நாளை கிடையாது, எல்லாவற்றையும் இப்போது நடப்பதாகவே பார்க்கிறார். பார்ப்பது பிடித்துத் தள்ளுவதாகாது.

சரி, அவர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர் மட்டும்தானா? அவனன்றி ஓர் அணுவும் அசையாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடனைத் தராமல் மடியில் முடிந்துகொள்ளும் கையை அசைப்பது யார்? சிக்கல் இங்கேதான். 1588இல் மோலினா என்ற சேசு சபைத் துறவி இதே சிக்கலைப் பற்றி எழுதிய நூலால் தொமினிக்கன் சபையாருக்கும் சேசு சபையாருக்கும் பெரிய சண்டை. 1607இல் போப் ஐந்தாம் பவுல், ஒருவரை ஒருவர் கண்டிக்கக் கூடாது என்று சொல்லி, தீர்ப்பே கொடுக்காமல் விட்டுவிட்டார். பாளையங்கோட்டையில் சேசு சபையாரிடம் படித்தவன்தான் நான். ஆனாலும் இந்த விஷயத்தில் ராமானுஜர் கட்சி.

அவர் சொல்வது இது: முதல் முயற்சி ஜீவனுடையது, அதைப் பார்த்துக் கடவுள் அனுமதி தருகிறார். பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் இதற்குக் கூட்டுச் சொத்தை உதாரணம் காட்டுகிறார். பங்காளி சம்மதிக்காமல் அதை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்தச் சம்மதம் கிடைத்ததே கேட்டவரின் செயலால்தான். ஆகவே பலனும் அவரையே சேரும். கூட்டுப் பட்டா வைத்திருக்கும் யாருக்கும் இது சட்டென்று புரியும். சம்மதித்தவருக்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டே என்று எனக்கு ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் உங்கள் மச்சினன் தப்பிக்க இதில் வழி இல்லை.

அப்புறம், புரோநோட் எழுதி வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் தேதியைப் பாருங்கள். கேட்டவுடன் தரவேண்டிய நோட்டு என்றால் எழுதிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் மச்சினன் 500 ரூபாய் கொடுத்தாலும், நோட்டின் பின்பக்கம் வரவு எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.