ஆறாவது படிக்கும் பையனை ஓவியம், கைவினை வகுப்பில் சேர்க்கலாமா? எப்படிப்பட்ட வகுப்பாகப் பார்த்துச் சேர்ப்பது?

கேள்வி கேட்டவரின் பையன் ஆறாம் வகுப்பு. நோட்டு ஓரமெல்லாம் படம் போடுகிறானாம். வார இறுதி வகுப்பில் சேர்த்தால் படிப்பு கெட்டுவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கின்றன, எதில் சேர்ப்பது என்றும் தெரியவில்லை என்கிறார். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியர். சனி, ஞாயிறில் எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

தாராளமாகச் சேருங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வரைவதால் எந்தப் பிள்ளையின் படிப்பும் கெட்டு நான் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பில் இதயத்தின் உள்ளமைப்புப் படம் போடும்போதும், வடிவியலில் கவராயம் பிடிக்கும்போதும் இந்தக் கை உதவும். ஆனால் அதற்காகச் சேர்க்காதீர்கள். அவனுக்குப் பிடித்திருக்கிறது என்பதே போதுமான காரணம்.

எந்த வகுப்பு என்பதில்தான் கவனம் வேண்டும். உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை, ஒரு குடிசை, ஆறு. இதே படம் இருபது பெயர்களில் ஒட்டியிருந்தால் அந்த வகுப்பு வேண்டாம். ஆசிரியர் பலகையில் ஒரு கோடு போட, பிள்ளைகளும் அதே கோட்டைப் போட்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் படம் சுத்தமாக வீட்டுக்கு வரும், பெற்றோருக்கும் திருப்தி. அந்தப் பலகையை எடுத்துவிட்டு, "உங்க தெருவில இருக்கிற டீக்கடையை வரை" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை திகைத்து நிற்கும்.

பார்த்து வரைவதே தப்பு என்று சொல்லவில்லை. சிற்பம் கற்றுக்கொள்பவர்கள் காலம்காலமாக முன்மாதிரியைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். அங்கே தாலக் கணக்கு இருக்கிறது; முகத்தின் நீளம் ஒரு அளவு, அதற்கு உடம்பு எத்தனை பங்கு என்று கையோடு கணக்கும் படிகிறது. கோலத்திலும் புள்ளி வரிசை பிடிபட்டால் பிள்ளை புதுக்கோலம் போட்டுவிடும். நகல் எடுக்கும்போது உள்ளே இருக்கிற கணக்கையும் சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள்.

உங்கள் பையனின் வயது முக்கியம். சின்னக் குழந்தைகளுக்கு யாரும் வரையக் கற்றுத்தர வேண்டியதில்லை. தாளும் வண்ணமும் கொடுத்துவிட்டு நாம் தள்ளி நின்றால் போதும். ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறும். தான் போட்ட மாடு நிஜ மாடு மாதிரி இல்லை என்று அந்த வயதில்தான் பிள்ளைக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. ஆஸ்திரியாவில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் கலைக்கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் பிள்ளைகளின் ஓவியத்தைப் பருவம் பருவமாகப் பிரித்தபோது, இந்த 9 முதல் 12 வயதைத் தனிக் கட்டமாகவே வைத்தார். "எனக்கு வரைய வராது சார்" என்ற பேச்சை நான் அதிகம் கேட்பதும் இந்த வயதுப் பிள்ளைகளிடம்தான். அழிப்பான் தேயத் தேய அழிப்பார்கள், அப்புறம் வரைவதையே விட்டுவிடுவார்கள். பெரியவர்களில் பலர் அங்கேதான் நின்றுபோனவர்கள். எனவே ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தேவை, பார்க்கக் கற்றுத்தரும் வகுப்பு.

அது எப்படி என்பதற்கு ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பித்தளைச் சொம்பை மேசைமேல் வைத்து வரையச் சொன்னால், புதிதாக வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வாயை நீள்வட்டமாகப் போடுவார்கள். அடியை மட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இழுத்துவிடுவார்கள். சொம்பு மேசையில் தட்டையாகத்தானே உட்கார்ந்திருக்கிறது! திருத்தாமல், ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுப்பேன். கண்ணுக்கு நேராகப் பிடித்தால் தண்ணீரின் மேல்மட்டம் வெறும் கோடாகத் தெரியும். கொஞ்சம் இறக்கினால் அந்தக் கோடு மெல்லிய நீள்வட்டமாகத் திறக்கும். இன்னும் இறக்க இறக்க வட்டத்தை நெருங்கும். "அப்போ சொம்போட அடி, வாயைவிட இன்னும் கீழே இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். சில பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள், சிலர் டம்ளரை நாலைந்து முறை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். அடிக்கோடு வாயைவிட அதிகமாக வளைய வேண்டும் என்று அவர்களே சொல்லும்போது முகத்தில் வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். அன்றைக்குப் பிறகு குடம், வாளி, அண்டா எதுவானாலும் அந்தப் பிள்ளை சரியாகப் போடும்.

வரைவதோடு நிறுத்தாமல் மண்ணையும் கையில் கொடுக்கும் வகுப்பாகப் பாருங்கள். தாளில் யானையின் கால் எவ்வளவு மெலிந்திருந்தாலும் படம் விழாது. களிமண்ணில் குச்சிக் கால் வைத்தால் பத்து நிமிடத்தில் யானை படுத்துவிடும். கனமான உடம்புக்கு ஏன் தூண் மாதிரிக் கால் என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். முதலில் மண்ணை விரல் தடிமனுக்குத் திரித்து, விரலைச் சுற்றி வளைத்துப் பார்க்கச் சொல்வேன். வெடிப்பு விட்டால் மண்ணில் மணல் அதிகம் என்றோ ஈரம் போதவில்லை என்றோ அர்த்தம். காதையும் தும்பிக்கையையும் வெறுமனே அழுத்தி ஒட்டினால் காயும்போது கழன்று விழும். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் பல்குத்தும் குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி அழுத்த வேண்டும். வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கி வெடிக்கும். நிழலில்தான் காய வேண்டும். சூளைக்குக் கொடுப்பதாக இருந்தால் வயிற்றைக் குடைந்து விடுவோம். தடித்த மண்ணுக்குள் ஈரம் தங்கினால் அது சூளையில் ஆவியாகிப் பொம்மையையே உடைத்துவிடும். பொறுமையாக இரு என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, மண் காயக் காத்திருக்கும் அந்த ஒரு வாரத்தில் ஏறிவிடுகிறது.

சில பெற்றோர், "ஓவியம் மட்டும் சொல்லிக் கொடுங்க சார், இந்தக் கூடை, பொம்மை எல்லாம் எதுக்கு?" என்பார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். இன்று சென்னைக் கவின்கலைக் கல்லூரியாக இருப்பது, அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி. ஆரம்ப காலத்தில் மண்பாண்டம் போன்ற தொழில்கலைகளுக்கு அங்கே பெரிய இடம் இருந்தது. அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற வருமானம்தான் கைகொடுத்தது. கைவேலையைத் தாழ்வாக நினைத்திருந்தால் அந்த ஓவியங்கள் வந்திருக்காது.

வீட்டிலும் ஒன்று செய்து பாருங்கள். எங்கள் பாட்டி காலத்தில் காகிதக் கூழில் கூடை செய்வார்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின்மேல் ஈரத்துணி போட்டு அப்ப வேண்டும். வெந்தயத்தின் வழுவழுப்புதான் பசை. முக்கால் காய்ந்ததும் பாத்திரத்திலிருந்து மெல்லக் கழற்றி, உள்பக்கமும் காயவிட வேண்டும். பையனோடு நீங்களும் கை நனையுங்கள். கிண்டிக்கொண்டே பேசும்போது பள்ளிக்கூடக் கதை எல்லாம் தானாக வரும்.

பொருள் வாங்கும் விஷயத்தில் பெரிய செலவு வேண்டாம். 48 வண்ணப் பெட்டி தேவையே இல்லை. எச்பி, 2பி, 4பி பென்சில், ஒரு ஸ்கெட்ச் நோட்டு, சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை போதும். மஞ்சளில் துளி கறுப்பு கலந்தால் பாசிப் பச்சை வரும் என்று கண்டுபிடிக்கிற பையன், கடையில் விற்கும் பச்சையைத் தொடமாட்டான். தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜெராக்ஸ் தாளில் நீர்வண்ணம் அடித்தால் அது சுருங்கி நூல் நூலாகப் பிரியும், பிள்ளையோ தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத தாளாக வாங்குங்கள்.

போட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே படத்தை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்யவைத்துப் பரிசு வாங்கித்தரும் வகுப்புகள் இருக்கின்றன. பெற்றோரே தூரிகையை வாங்கித் திருத்துவதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல் இல்லை. உங்கள் பையன் போட்ட படத்தைத் தயவுசெய்து நீங்கள் தொடாதீர்கள்.

இடம் என்று பார்த்தால், தனியார் வகுப்புக்குப் போகுமுன் உங்கள் மாவட்டத்தில் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஓவியம், இசை, நடனம் எல்லாம் குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருகிறார்கள். சென்னைப் பக்கம் இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்துக்கு பென்சிலும் நோட்டுமாகக் கூட்டிப்போங்கள். ஒரே ஒரு சிலை முன்னால் அரை மணி நேரம் உட்காரட்டும். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற தென்னிந்தியக் கலை, கைவினை அருங்காட்சியகத்தில் குயவர் சக்கரத்தைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

பின்னாளில் இதையே படிக்க விரும்பினால் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, சிற்பத்துக்கு மாமல்லபுரம். அதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது. இப்போதைக்கு, பணம் கட்டுவதற்கு முன்னால் பையனை ஒரு நாள் அந்த வகுப்பில் உட்காரவையுங்கள். வெளியே வந்ததும் "என்ன வரைந்தாய்?" என்று கேட்காமல், "இன்னைக்கு எதைப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். அவன் நிறுத்தாமல் பேசினால் சேர்த்துவிடலாம்.