மனைவி கத்தோலிக்க அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) செபக் கூட்டத்துக்கு அழைக்கிறார். கைதட்டலும், புரியாத அசைகளில் செபிக்கும் பரவசப் பேச்சும் எனக்குக் கூச்சமாக இருக்கின்றன. போய் வந்த கத்தோலிக்கர்கள் உண்மையைச் சொல்ல முடியுமா?

போய் வந்திருக்கிறேன்; ஒரே ஒரு முறை, 2011ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்று நாள். அதற்குப் பிறகு போகவில்லை. போக வேண்டும் என்ற ஏக்கமும் இல்லை, போனதற்காக வருத்தமும் இல்லை. ஆகவே இதைச் சாட்சியம் என்று பகிர நினைப்பவர்களும், மூடநம்பிக்கையைத் தோலுரிக்கும் கட்டுரை என்று பகிர நினைப்பவர்களும் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரு தரப்புக்கும் நான் பயன்பட மாட்டேன்.

உங்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் என்றும், ஞாயிறு பூசைக்குக் கோயிலின் கடைசித் தூணருகே நின்று, பிரசங்கம் தொடங்கியதும் மெல்ல வெளியே போகிறவர் என்றும் ஊகிக்கிறேன். ‘கூச்சம்’ என்ற சொல் அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் வரும். நானும் அந்தத் தூணுக்கு உரியவன்தான். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரில் பிறந்து, தணிக்கை வேலையில் முப்பது ஆண்டுகளை ஓட்டியவன். எதைக் கேட்டாலும் ரசீது எங்கே என்று மனம் தேடும். தொண்ணூறுகளில் எங்கள் ஊரிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக இரயிலேறிக் கேரளத்தின் சாலக்குடிக்கு அருகிலுள்ள முரிங்ஙூர் தியான இல்லத்துக்குப் போவார்கள். அந்தத் தியானங்கள் முதலில் தொடங்கிய பக்கத்து ஊர் போட்டா என்பதால், எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ‘போட்டாவுக்குப் போவது’. ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி வரை தியானம் நடக்கும். குடிப்பழக்கமுள்ளவர்களை வீட்டார் வற்புறுத்தி அங்கே அனுப்பிவைப்பார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் உண்மையாகவே குடியை நிறுத்தினார்கள், சிலர் மூன்று மாதம் நிறுத்தினார்கள். அந்த விகிதத்தை மனத்துக்குள் கணக்கெடுத்துக்கொண்டே இருந்தேன், ஆனால் போகவில்லை.

இதெல்லாம் பெந்தெகொஸ்தே சபையைப் பார்த்துச் செய்வதுதானே என்றும் கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், டியூகேன் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் வார இறுதித் தியானம் ஒன்றுக்குப் போன இடத்தில்தான் இந்த இயக்கம் தொடங்கியது. அவர்களை அழைத்துப் போன ஆசிரியர்களில் சிலர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் புரொட்டஸ்டன்ட் செபக்குழு ஒன்றில் கலந்துகொண்டிருந்தார்கள் என்பது இயக்கத்தவர் எவரும் மறைக்காத செய்தி. 1972 அளவில் மும்பை வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் உரோமையில் இவர்களில் ஏறத்தாழ 10,000 பேரைச் சந்தித்தார். உங்கள் கூச்சம் பெரிய இடத்திலும் இருந்திருக்கிறது: திருத்தந்தை பிரான்சிஸ், தாம் முன்பு இவர்களைப் பொறுக்க முடியாமல், வழிபாட்டைச் சம்பா நடனப் பள்ளியாக்கிவிட்டார்கள் என்று பேசியதையும், பிறகு அதற்காக வருந்தியதையும் 2013இல் விமானத்தில் செய்தியாளர்களிடம் ஒப்புக்கொண்டார்.

மீதிப் பாதி தவறு என்று ஏன் சொல்கிறேன் என்றால், சத்தமும் ஆட்டமும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அமெரிக்கா கற்றுக்கொடுத்தவை அல்ல. புளியம்பட்டி அந்தோனியார் கோயிலில் பேய் பிடித்தவர்கள் என்று அழைத்து வரப்படுகிறவர்கள் தலைவிரித்து ஆடுவதைச் சிறு வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அதைப் பக்தி என்று ஏற்றுக்கொண்ட நாம், கீபோர்டும் ஒலிபெருக்கியும் சேர்ந்தவுடன் அந்நியச் சரக்கு என்கிறோம். (கீபோர்டைப் பற்றி எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. எங்கள் பாடற்குழுவில் நாற்பது ஆண்டுகள் ஆர்மோனியம் வாசித்த முதியவர், இந்தப் புதிய பாடல்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று ஓரங்கட்டப்பட்டார். அதை இங்கே வளர்த்தப் போவதில்லை.)

நான் போனதற்குக் காரணம் அம்மாவின் முழங்கால். அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. கோயில் படியில் ஏற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். வேறொரு ஊரில் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு நடந்த கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். அவரைப் பந்தலில் உட்காரவைத்துவிட்டு எதிரே தேநீர்க் கடையில் நாளிதழோடு மூன்று நாளையும் கழித்துவிடலாம் என்பது என் திட்டம். முதல் நாள் காலையிலேயே அது கெட்டது. எழுப்பவும் உட்காரவைக்கவும் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்ததால் நானும் பிளாஸ்டிக் நாற்காலியில் சிறைப்பட்டேன்.

இத்தகைய கூட்டங்களின் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்: முதலில் கடவுளின் அன்பு, அடுத்துப் பாவமும் மனமாற்றமும், பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது), பிறகு உள்மனக் காயங்களுக்கான செபம், கடைசியில் தூய ஆவியின் அபிஷேகம். அந்த அபிஷேகம் புதிய திருமுழுக்கு அல்ல, குழந்தைப் பருவத்தில் பெற்ற திருமுழுக்கின் அருளைச் சாம்பல் ஊதிக் கிளறுவது என்று மேடையில் பொறுமையாகவே விளக்கினார்கள். கைகளை உயர்த்தச் சொன்னார்கள், நான் உயர்த்தவில்லை, யாரும் வந்து கேட்கவுமில்லை. தலைமேல் கைவைத்துச் செபிக்கும்போது விழுகிறவர்களைத் தாங்க இளைஞர்கள் பின்னால் நின்றார்கள். இயக்கத்தவர் அதை ஆவியில் இளைப்பாறுதல் என்கிறார்கள். என் முறை வந்தபோது நான் நட்ட கம்பாக நின்றேன். குருவானவரின் கை என்னைத் தள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தள்ளிவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை நானே பலரிடம் சொல்லியிருந்தேன்.

பரவசப் பேச்சு இரண்டாம் நாள் மாலை வந்தது. இசை தணிந்தபோது முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பிறகு அது பந்தல் முழுவதும் பரவியது, ஒருவர் சொன்ன அசை மற்றவருடையது அல்ல, ஆனால் எல்லாம் சேர்ந்து ஏதோ ஒரு சுருதியில் நின்றன. எனக்கு உடல் சிலிர்த்ததை மறைக்க விரும்பவில்லை. எங்கள் கரையில் கரைமடி வலை இழுப்பவர்கள் ‘ஏலேலோ’ என்று குரல் கொடுக்கும்போது அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை. பொருள் இல்லாததால்தான் அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுக்க முடிகிறது. இறையியல் படித்தவர்கள் இந்த ஒப்புமைக்கு என்மேல் பாயலாம், பாயட்டும். அன்றிரவு கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். விளக்கம் சொல்ல ஆள் இல்லையென்றால் பரவசப் பேச்சுப் பேசுகிறவர் சபையில் அமைதியாக இருக்க வேண்டும் என்று பவுல் அங்கே தெளிவாக எழுதுகிறார். மறுநாள் தொண்டர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அது சபைக்குச் சொல்லப்படும் செய்திக்குப் பொருந்தும், நேற்று நடந்தது செபம், செபத்துக்கு விளக்கம் தேவையில்லை என்றார். அந்த விடை எனக்கு முழு நிறைவு தரவில்லை. ஆனால் கேட்டதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை.

இனி, எனக்குக் கோபம் வந்த இடம். மூன்றாம் நாள் குணமளிக்கும் செபம் முடிந்ததும், மேடையிலிருந்தவர் மூட்டு வலி நீங்கியவர்கள் கை உயர்த்துங்கள் என்றார். சில கைகள் எழுந்தன. இன்னும் இருக்கிறீர்கள், ஆண்டவர் காட்டுகிறார் என்றார். என் பக்கத்தில் அம்மாவின் கை உயர்ந்தது. எண்ணிக்கை ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது, பந்தல் கைதட்டியது. ஐந்து நிமிடம் கழித்து அம்மாவை எழுப்ப வழக்கம்போல இரண்டு பேர் வேண்டியிருந்தது.

பேருந்தில் கேட்டேன். “வலி போகலைன்னா ஏம்மா கை தூக்குனீங்க?” அம்மா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தச் சாமியாரு மூணு நாளா தொண்டை கிழியக் கத்தினாரு மக்களே. நாலஞ்சு கைதான் எழும்பிச்சு. அவரு மனசு என்ன பாடுபடும்?”

அம்மாவுக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தணிக்கையாளனாக இன்றும் சொல்வேன், அந்த எண்ணிக்கை செல்லாது. இது கடவுள் நம்பிக்கை இல்லாதவனின் பேச்சு என்று சிலர் கிளம்புவீர்கள் என்பதால், திருச்சபையின் ஆவணத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். குணம் வேண்டிச் செய்யும் செபங்களைப் பற்றி 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 14 என்று தேதியிட்டு, அப்போது கர்தினாலாக இருந்த, பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டான இராட்சிங்கர் கையெழுத்திட்ட அறிவுறுத்தல் ஒன்று உண்டு. வெறிக் கூச்சலும் செயற்கைத்தனமும் நாடகப் பாங்கும் கூடாது, குணம் பெற்றதாகச் சொல்பவர்களின் சாட்சியங்களை எளிமையாகவும் துல்லியமாகவும் திரட்டித் திருச்சபை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்கிறது அது. பிரான்சின் லூர்து திருத்தலத்தில் 1858 முதல் எத்தனையோ இலட்சம் நோயாளிகள் வந்து போயும், திருச்சபை புதுமை (அற்புதம்) என்று ஏற்றுக்கொண்டவை 70ஐச் சற்றே தாண்டும். அங்கே ஒரு குணத்தை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறார்கள், நம் மைதானத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் எண்ணி முடித்துவிடுகிறோம். இதைவிட வேதனை, எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பெண்மணி, செபத்துக்குப் பிறகு சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னதுதான். மேடையில் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவுசெய்கிறேன். நிறுத்தாதீர்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

இவ்வளவு சொல்பவன் போனதற்காக வருந்தவில்லை என்று ஏன் எழுதினான் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் மேடை அல்ல, மைதானத்தின் ஓரத்திலிருந்த வகுப்பறை. இரண்டாம் நாள் நண்பகல், கஞ்சியும் பயறும் சாப்பிட்ட பிறகு, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. கடைசியாக நான் செய்தது என் திருமணத்துக்கு முந்தின நாள். பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மாவுக்கு இடம் பிடிக்கத்தான் நின்றேன். அவரை முதியோர் வரிசைக்கு அழைத்துப் போய்விட்டார்கள், நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இரண்டு மணி நேரம். உள்ளே சிறுபிள்ளைகளின் பெஞ்சில், வெளியூர்க் குருவானவர் ஒருவர், வயதானவர், விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் வாய்ப்பாடு எழுதியிருந்தது. (பாவசங்கீர்த்தன இரகசியத்தை எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: அதைக் காக்க வேண்டியவர் குருவானவர், என் பாவத்தை நான் சொல்லத் தடையில்லை.)

ஏழு சென்ட் தென்னந்தோப்புக்காக அண்ணனோடு பதினோரு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை என்றேன். ஏழு சென்ட் எனக்கு எப்படி உரியது என்பதை ஆவண எண்ணோடு விளக்கத் தொடங்கினேன். அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

“அண்ணனுக்கு இப்ப எத்தனை பிள்ளைங்க?” என்றார்.

சண்டை நடந்தபோது ஒரு பெண் குழந்தை. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. தெரியாது சாமி என்றேன்.

“ஒரே ஊரா?”

“ஆமா சாமி.”

அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “போய் எண்ணிப் பார்த்துட்டு வாங்க, அதுதான் உங்க அபராதம்” என்று, பாவத்துக்குப் பரிகாரமாக நான் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பாவமன்னிப்புச் செபத்தைத் தொடங்கினார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கும் அபராதங்களுக்குப் பழகிய நான், ஊரெல்லாம் கணக்குப் பார்த்துத் திரிந்தவன், வாய்ப்பாட்டுக்கு முன்னால் அழுதேன். அழுததைத் தூய ஆவியின் செயல் என்று எவரேனும் சொன்னால் மறுக்க மாட்டேன், வெயிலும் பசியும் களைப்பும் என்று சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

அந்த அபராதத்தை நிறைவேற்ற எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். பொங்கல் விடுமுறையில் ஒரு குலை மட்டிப்பழத்தோடு போனேன். மூன்று பிள்ளைகள். கடைசிப் பையன் என்னைப் பார்த்து யார் என்று கேட்க, அண்ணி உள்ளேயிருந்து “சித்தப்பாடா” என்றார். அண்ணன் அன்று வெளியே வரவில்லை, அடுத்த முறைதான் வந்தார். ஏழு சென்ட் இன்றும் தீராமல்தான் கிடக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு 2013இல் அறுவைச் சிகிச்சை செய்தோம். நடக்கத் தொடங்கியதும் அன்று கை தூக்கியதற்குப் பலன் கொஞ்சம் பிந்தி வந்திருப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் போவதாக இருந்தால் ஓர இருக்கையில் உட்காருங்கள், வழக்கமான மாத்திரைகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், பாவசங்கீர்த்தன வரிசை எங்கே தொடங்குகிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். கை உயர்த்துவதும் உயர்த்தாததும் உங்கள் விருப்பம். மனைவி உயர்த்தினால் மட்டும், திரும்பி வரும் வழியில் காரணம் கேட்காதீர்கள்.