சந்தனக் கலர் கேட்டேன், எலுமிச்சை வந்தது

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். ஹால் 16 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி. வடக்குப் பக்கம் மட்டும்தான் ஜன்னல், வெளியே பெரிய வேப்ப மரம். தரை பழைய சிவப்பு சிமெண்ட் தரை. சுவரில் இப்போது வெளிர் நீல டிஸ்டம்பர் இருக்கிறது. அத்தைக்கு ஹால் சந்தனக் கலரில்தான் இருக்க வேண்டுமாம். கடையில் ஷேடு கார்டில் ஒரு மஞ்சளைக் காட்டி "இதுதான் சந்தனம்" என்கிறார்கள். பெயிண்டர் 10 லிட்டர் பக்கெட்டாக வாங்கிவிடச் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் 200 மில்லி சாம்பிள் டப்பா கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் போதும்.

எங்கள் வீட்டு ஹாலுக்கும் இதே கலரைத்தான் ஆசைப்பட்டு எடுத்தோம். கார்டில் தயிரில் துளி மஞ்சள் விழுந்த மாதிரி அவ்வளவு இதமாக இருந்தது. நாலு சுவரும் அடித்து முடித்தபோது பகலில் பளீரென்று மஞ்சள், ராத்திரி டியூப்லைட் போட்டால் எலுமிச்சம்பழத் தோல். அம்மா இரண்டே நாளில் நாற்காலியைத் திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டார். பெயிண்டில் குறையே இல்லை, ஷேடு நம்பரும் சரிதான். கலரைக் கார்டில் மட்டும் பார்த்து முடிவு செய்ததுதான் தப்பு.

மஞ்சளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மஞ்சளாகி எதிர்ச் சுவரில் விழும். அங்கே இன்னும் மஞ்சளாகித் திரும்பும். எல்லா நிறத்துக்கும் இது நடக்கும், ஆனால் மஞ்சளில் கண்ணுக்கு உடனே தெரியும். அதனால் கார்டில் உங்கள் மனசுக்குப் பிடித்த கட்டத்தை விட்டு, அதே வரிசையில் ஒன்றிரண்டு கட்டம் வெளிறியதை எடுங்கள். "இது ரொம்ப மங்கலா இருக்கே" என்று கடையில் தோன்றுகிற ஷேடுதான் பெரும்பாலும் சுவரில் சந்தனமாக நிற்கும். கல்லில் இழைத்த சந்தனத்தை நினைத்துப் பாருங்கள். அதில் மஞ்சளைவிட மரத்தின் பழுப்புதான் கூடுதல். பச்சைச் சாயல் துளியும் இருக்காது. கார்டில் நீங்கள் தேட வேண்டியது அந்தப் பழுப்பைத்தான்.

உங்கள் ஹாலில் இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் குறைவு, வானத்தின் நீல வெளிச்சம்தான் அதிகம் வரும். அது வேப்ப இலைகளுக்கு நடுவே புகுந்து வரும்போது பச்சை ஏறும். எலுமிச்சைச் சாயல் மஞ்சள் அங்கே நிச்சயம் பச்சையடிக்கும். சிவப்புத் தரையோ சுவரின் கீழ்ப்பாதிக்கு லேசான காவி நிறம் ஏற்றும். எனக்குக் கேட்டால் அந்தத் தரை உங்களுக்குப் பெரிய சொத்து. சந்தன நிறச் சுவருக்குக் கீழே அதைப் போல அழகான தரை கிடையாது, டைல்ஸ் போட்டு மூடிவிடாதீர்கள்.

சாம்பிளைச் சுவரில் நேராகத் தடவ வேண்டாம். பக்கத்தில் இருக்கும் நீலம் கண்ணை ஏமாற்றும். கெட்டியான இரண்டு சார்ட் அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, ஹாலின் ஒரு மூலையில் இரண்டு சுவரிலும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டு அட்டையும் சேரும் இடத்தில் நிறம் கொஞ்சம் அடர்ந்து தெரியும். முழு ஹாலும் எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்த மூலை காட்டிவிடும். காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று இரண்டு நாள் பாருங்கள். அத்தையையும் கூட்டிவந்து காட்டுங்கள், அவர் கேட்ட நிறம்தானே.

விளக்கையும் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் வெள்ளை எல்இடி டியூப்கள் பெரும்பாலும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும். நீலம் கலந்த அந்த வெளிச்சத்தில் இளமஞ்சளின் இதம் போய்விடும். 3000 கெல்வின் போட்டால் சுவர் நெய் மாதிரி கனிந்து தெரியும். அது மங்கலாகத் தோன்றினால் 4000 எடுங்கள். சுவரை மறுபடி அடிப்பதைவிட விளக்கை மாற்றுவது எவ்வளவோ மலிவு.

இனி அளவு. நாலு சுவரும் சேர்ந்து 60 அடி நீளம், 10 அடி உயரம், ஆக 600 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 100 கழித்தால் 500. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு எத்தனை சதுர அடி வரும் என்று நிறுவனத்தின் விவரத்தாளில் இருக்கும். 120 என்று இருந்தால் உங்களுக்கு 4 லிட்டரும் கொஞ்சமும். 4 லிட்டர் டப்பா ஒன்று, 1 லிட்டர் ஒன்று போதும். சீலிங் வெள்ளைதான் என்றால் அது தனிக் கணக்கு. 10 லிட்டருக்கு இங்கே வேலையே இல்லை. பெயிண்டர் ஹாலோடு வேறு அறைகளையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், கேட்டுவிடுங்கள். மிஷினில் கலர் கலந்த பெயிண்டைக் கடைக்காரர் பொதுவாகத் திரும்ப வாங்க மாட்டார். மிஞ்சினால் உங்கள் தலையில்தான்.

நீல டிஸ்டம்பர் மேலேயே மஞ்சள் அடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் அதன் மேல் புது எமல்ஷன் பெயிண்ட் பிடிக்காது, பொருக்குப் பொருக்காக உரியும். நனைத்துச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை பிரைமர் அடித்த பிறகுதான் கலர். வெளிர் மஞ்சளுக்கு அடியில் இருப்பதை மறைக்கும் சக்தி குறைவு. நீலம் கசிந்தால் பச்சையாகத்தான் தெரியும். பழைய வீடாச்சே, சுவரின் அடிப்பாகத்தில் ஓதம் இருந்தால் அதை முதலில் சரிபார்த்துவிடுங்கள். இளமஞ்சளில் ஓதத்தின் கறை ரொம்பவே எடுத்துக்காட்டும்.

கேள்வி: மாடிப்படி கிரில்லுக்கு மஞ்சள் எனாமல் அடிக்கப் போகிறோம். இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. மஞ்சள் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்கிறார்களே, உண்மையா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: பயம் நியாயமானது. மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களுக்கு நிறம் கொடுக்க ஈயக் குரோமேட்டைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதற்காகத்தான் மத்திய அரசு 2016-இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1 முதல் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது. அந்த அளவைத் தாண்டவில்லை என்ற வாசகம் டப்பாவில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாத டப்பாவும் அளந்து ஊற்றிக் கொடுக்கும் சில்லறை பெயிண்டும் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

புதுப் பெயிண்டைவிட எனக்குக் கவலை, கிரில்லில் ஏற்கெனவே இருக்கும் பழைய பூச்சுதான். அதை உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் தரையில் படியும், குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து, ஈரத் துணியால் இரண்டு முறை துடைக்கும்வரை குழந்தை அந்தப் பக்கமே வர வேண்டாம், முடிந்தால் பாட்டி வீட்டில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரே ஷேடு நம்பரில் மூன்று டப்பா வாங்கினோம். மூன்றாவது டப்பா அடித்த சுவர் மட்டும் வித்தியாசமாகத் தெரிகிறது. கடையில் "அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். (மதுரை வாசகி)

பதில்: டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் வரலாம். அதனால்தான் தொடங்கும் முன்பே எல்லா டப்பாவையும் பெரிய பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிட வேண்டும். ஆனால் ஒரு சுவர் தனியாகத் தெரிகிற அளவுக்கு இருந்தால் அது "அப்படித்தான்" இல்லை. மிஷினில் கலந்ததும் டப்பாவில் ஒட்டும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஷேடு நம்பர், பேஸ் (கலர் சேர்க்கும் முன் இருக்கும் அடிப்படைப் பெயிண்ட்), பெயிண்ட் வகை மூன்றும் மூன்று டப்பாவிலும் ஒன்றாக இருக்கிறதா? பேஸ் மாறியிருந்தால் தப்பு கடையுடையது. ஸ்டிக்கர், மூடியில் இருக்கும் பேட்ச் நம்பர், சுவர், பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, மாற்றுப் பெயிண்டும் அந்தச் சுவருக்கான கூலியும் கேட்டு எழுத்தில் கொடுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேட்ச் நம்பர் கேட்பார்கள், அதனால் காலி டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.