பிடிக்கவில்லை, உடன்பாடில்லை என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

நீங்கள் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், ஏதேனும் பிடிக்காதபோதோ ஒப்புக்கொள்ள இயலாதபோதோ ‘ஐ டோன்ட் லைக்’, ‘ஐ ஹேட்’ என்ற இரண்டைத் தவிர வேறு ஆங்கிலச் சொல் வாயில் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தட்டுப்பாடு உங்களுக்கு மட்டும் உரியதன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி ஆக்கியது; இன்று கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் உள்ள காரியாலயங்களில் தமிழரும் சிங்களவரும் தத்தம் மனக்குறையை இரு தரப்புக்கும் தாய்மொழியல்லாத அந்த மொழியிலேயே எழுதிக்கொள்கிறார்கள். எழுதியவர் நினைத்த கடுமை ஒன்றாகவும் வாசித்தவர் உணர்ந்த கடுமை வேறொன்றாகவும் ஆகிவிடுவது அதனால் அடிக்கடி நடக்கிறது.

பலர் இச்சொற்களை மென்மையானது முதல் கடுமையானது வரை ஒரே வரிசையில் அடுக்கி மனப்பாடம் செய்கிறார்கள். அது சரியான தொடக்கம் என்று நான் நினைக்கவில்லை. எவ்வளவு கடுமை என்பதற்கு முன்னர், உங்கள் மறுப்பு எவ்வகையானது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ரசனைக்கு ஒவ்வாமை வேறு, ஒரு செயல் சரியன்று என்ற கருத்து வேறு, தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற உணர்வு வேறு. ‘டிஸ்லைக்’, ‘ஹேட்’ ஆகியவை பெரும்பாலும் முதலாவதற்கே பொருந்துகின்றன. காரியாலயப் பிணக்குகளோ பெரும்பாலும் மற்ற இரண்டையும் சேர்ந்தவை. முகாமையாளரின் தீர்மானத்தைப் பற்றி ‘ஐ ஹேட்’ என்று எழுதினால், நீங்கள் நியாயத்தைப் பேசவில்லை, உங்கள் மனநிலையைத்தான் பேசுகிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

சரியன்று என்று சொல்வதற்குரிய முதன்மைச் சொல் ‘டிஸ்அப்ரூவ்’. இந்தப் பொருளில் அதன் பின்னால் ‘ஒஃப்’ வர வேண்டும். அந்தச் சிறு சொல்லில் பெரிய வேறுபாடு இருக்கிறது. முகாமையாளர் உங்கள் லீவை ‘அப்ரூவ்’ பண்ணவில்லை என்றால் அவர் விண்ணப்பத்தில் கையொப்பமிடவில்லை, நீங்கள் மறுநாள் வேலைக்கு வந்தே ஆக வேண்டும். ‘அப்ரூவ் ஒஃப்’ பண்ணவில்லை என்றால், நீங்கள் லீவு எடுப்பதை அவர் நல்லதாகக் கருதவில்லை, ஆனாலும் லீவு கிடைத்திருக்கக்கூடும். முன்னது அதிகாரம், பின்னது அபிப்பிராயம். ஆகவே மேலிடத்துத் தீர்மானமொன்றைப் பற்றி எழுதும்போது ‘ஒஃப்’ விடுபட்டால், உங்களுக்கு இல்லாத அதிகாரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டதுபோல் வாசிக்கப்படும்.

வெறும் அபிப்பிராயம் போதாது, அந்தச் செயல் நிறுத்தப்பட வேண்டும் என்று கேட்பதானால் ‘ஒப்ஜெக்ட் டு’ என்பதே தகுந்தது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு அருகே கட்டட வேலை இரவு பத்து மணிக்குப் பின்னும் நடந்தபோது, குடியிருப்பாளர்கள் சேர்ந்து ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினார்கள். முதல் வரைவு ‘வி ஹேட் திஸ் நொய்ஸ், யூ பீப்பிள் டோன்ட் கெயார்’ என்று தொடங்கியது. கோபம் முற்றிலும் நியாயமானது. ஆயினும் எதை நிறுத்த வேண்டும் என்பது அதில் இல்லை. ‘நீங்கள் எல்லோரும்’ என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட ‘யூ பீப்பிள்’ என்பது ஆங்கிலத்தில் எதிர்த்தரப்பை ஒரு கூட்டமாக ஒதுக்கி இகழும் தொனியைக் கொண்டது. மேல்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அவ்வரியை முழுவதுமாக வெட்டிவிட்டு, ‘வி ஸ்ட்ரோங்லி ஒப்ஜெக்ட் டு வேர்க் கன்டினியூயிங் ஆஃப்டர் டென்’ என்று எழுதினார். அவ்வாக்கியத்தில் ஆள் இல்லை, செயல் மட்டுமே இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ‘டு’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோதான் வர வேண்டும் என்பதையும் கவனியுங்கள்: ‘ஒப்ஜெக்ட் டு பேயிங்’ சரி, ‘ஒப்ஜெக்ட் டு பே’ பிழை.

மூன்றாம் வகைக்கு ‘ரிசென்ட்’ என்ற சொல் இருக்கிறது. நமக்கு உரிய மதிப்போ பங்கோ கிடைக்காதபோது உள்ளே தங்கிவிடும் மனத்தாங்கலை அது குறிக்கிறது. நீங்கள் செய்த வேலைக்கு இன்னொருவர் பாராட்டுப் பெற்றால் உங்களுக்கு ஏற்படுவது ‘டிஸ்லைக்’ அன்று, ‘ரிசென்ட்மென்ட்’. இதை மின்னஞ்சலில் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேரே உட்கார்ந்து, நிதானமாகச் சொல்ல வேண்டிய சொல் இது.

கடுஞ்சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘லோத்’, ‘டிடெஸ்ட்’ இரண்டும் ஆழ்ந்த வெறுப்பு. ‘அபோர்’ என்பது வன்முறை, இனவாதம் போன்றவற்றைக் கொள்கை அடிப்படையில் வெறுப்பதற்கு உரியது. மதியச் சாப்பாட்டுக்கு அதைப் பயன்படுத்தினால் மிகையாகிவிடும். ‘டெஸ்பைஸ்’ வெறுப்போடு ஏளனமும் சேர்ந்தது. சக ஊழியர் எவரைப் பற்றியும் அதை எழுத வேண்டாம். ‘டிஸ்கஸ்ட்’ என்ற வினையில் மட்டும் தனிக் கவனம் தேவை. ‘ஐ டிஸ்கஸ்ட் ஹிம்’ என்றால் எனக்கு அவர்மீது அருவருப்பு என்று பொருளாகாது, அவருக்கு என்மீது அருவருப்பு என்றே பொருள்படும். ‘ஐ ஆம் டிஸ்கஸ்டட் பை’ என்று தொடங்குவதே முறை.

அன்றாடத் தேவைக்கு மென்மையான வடிவங்களே அதிகம் உதவும். ரசனை சார்ந்தவற்றுக்கு ‘ஐ ஆம் நொட் வெரி கீன் ஒன்’ போதும். விருந்துக்கு அழைத்தவர் வீட்டிலும் அதைக் கூசாமல் சொல்லலாம். யார் கண்டிக்கிறார் என்று சுட்டாமல் ஒரு வழக்கம் வரவேற்கப்படுவதில்லை என்று உணர்த்த ‘இட் இஸ் ஃபிரவுன்ட் அபொன்’ உண்டு; புதிதாக வருபவருக்கு நிறுவன நடைமுறையை விளக்கும்போது இதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரியவில்லை. கூட்டங்களில் மேலதிகாரியின் யோசனைக்கு உடன்பட முடியாதபோது ‘ஐ ஹேவ் சம் ரிசர்வேஷன்ஸ்’ என்று தொடங்குங்கள். ஆனால் அத்தோடு நிறுத்தினால், பிரித்தானிய வழக்கில் பழகியவர் அதைப் பெரிய எதிர்ப்பாகவும், நம்மவர் ஏறக்குறைய சம்மதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆகையால் தயக்கம் செலவைப் பற்றியதா, கால அவகாசத்தைப் பற்றியதா, ஆட்பற்றாக்குறையைப் பற்றியதா என்பதை அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.