கடவுள் நம்பிக்கை போன பிறகு, கூடிவாழ ஓர் இடம் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 34 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் வளர்ந்தவன். கடவுள் நம்பிக்கை போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அது வலிக்கவில்லை, கோயிலில் பழகிய மனிதர்கள் விட்டுப்போனதுதான் வலிக்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் கூடும் மனிதநேயச் சங்கம் என்கிறார்களே, அங்கே என்னதான் செய்வார்கள்? அது அந்த இடத்தை நிரப்புமா?

பதில்:

நிரப்பும், ஆனால் தானாக நிரம்பாது. பதினோரு வருடமாக இப்படி ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். முப்பது பேர் இருப்போம், அதில் தமிழர்கள் ஐந்தாறு பேர், மற்றவர்கள் பெரும்பாலும் சீனர்கள். 2010ல் பதிவான ஹியூமனிஸ்ட் சொசைட்டி என்ற அமைப்பும் சிங்கப்பூரில் இருக்கிறது, நான் சொல்லப்போவது அதைப் பற்றியல்ல, எங்கள் குழுவைப் பற்றி மட்டும்.

கடவுள் இல்லை என்று வாதாடுவதற்காக நாங்கள் கூடுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் முதல் இரண்டு மாதம் அதைப் பற்றியேதான் பேசுவார்கள், வீட்டில் பேச முடியாததை இங்கேயாவது பேசட்டும் என்று விட்டுவிடுவோம். அப்புறம் ஒருநாள் யாருக்காவது அறுவை சிகிச்சை என்று செய்தி வரும், பிள்ளையை யார் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, சாப்பாடு யார் கொண்டுபோவது என்ற பேச்சு வரும், அன்றைக்குத்தான் அவர்கள் உண்மையில் குழுவுக்குள் வருகிறார்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. 1876ல் நியூயார்க்கில் ஃபீலிக்ஸ் ஆட்லர் என்பவர் அறநெறிப் பண்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். யூத மதகுருவின் மகன், அப்பாவுக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தவர். நீ எதை நம்புகிறாய் என்று கேட்க வேண்டாம், என்ன செய்கிறாய் என்று பார்ப்போம் என்பதுதான் அவர் வைத்த அடிப்படை. ஏழை நோயாளிகளின் வீட்டுக்கே தாதிகளை அனுப்பினார்கள், 1878ல் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இலவசப் பாலர் பள்ளி திறந்தார்கள். நம் பக்கத்தில் பார்த்தால், பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரையும் பார்த்துவிட்டுப் போனார், 1932ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. பின்னால் 1935ல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அதில் முன்னால் நின்றவர். சாதியை விடு, பிள்ளையைப் படிக்க வை, கல்யாணத்தைச் சிக்கனமாகச் செய் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர் என் தாத்தா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதனால் நம்பிக்கை இல்லாமல் ஊருக்கு உழைப்பது நம் தமிழர்களுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே ஐந்தில் ஒருவர் சமயம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தியர்களிடையே அது மிகக் குறைவு. உங்களுக்குத் தனியாக இருப்பது போலத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருந்தார், எல்லோருக்கும் அண்ணன். தோ பாயோவில் மூவறை வீட்டில் தனியாக இருந்தார், மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கினார்கள். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முடிந்து எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி அவருக்குக் கால் நிற்காது. யாராவது கூடப் போய் வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அண்ணே என்று எல்லோருமே சொன்னோம், மனதாரத்தான் சொன்னோம்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை யாருமே போகவில்லை. நான் ஒருவர் போவார் என்று நினைத்தேன், அவர் இன்னொருவர் போவார் என்று நினைத்தார். அண்ணன் சக்கர நாற்காலியில் வாசல் பக்கம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒருவரையும் கூப்பிடவில்லை. சாயங்காலம் நான் போனபோது மடியில் பிளாஸ்டிக் பை, அதற்குள் பிரிக்காத பிஸ்கட் பொட்டலம், "வேலையா இருந்திருப்பீங்கம்மா" என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சங்கம் ஆனோம் என்று நினைக்கிறேன். அட்டவணை போட்டோம். முறை யாருடையதோ அவர் முந்தின இரவு ஒன்பது மணிக்குள் குழுவில் செய்தி போட வேண்டும், போடாவிட்டால் நான் அழைப்பேன், நான் மறந்தால் என்னை அழைக்க இன்னொருவர். கோயிலில் பஞ்சாங்கம் இருக்கிறது, மணி அடிக்கிறது, பிரதோஷம் வந்தால் அம்மா தானாகக் கிளம்பிவிடுவார், போன இடத்தில் நாலு பேரைப் பார்ப்பார், யார் வரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். பல தலைமுறை செய்து செய்து வந்த பழக்கம் அது. எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஒன்பது மணிச் செய்திதான் இருக்கிறது, அதை ஒரு நாள்கூட விடக்கூடாது. நல்ல மனசு மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சமைக்கவும் கற்றுக்கொண்டோம். சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் கூடக்கூடாது, தண்ணீரும் அளந்துதான். காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். சத்தெல்லாம் போகிறதே என்று என் கை முதலில் தயங்கியது. அண்ணனுக்கு ரசம் என்றால் உயிர், தக்காளியும் ஆகாது, தண்ணீர்க் கணக்கும் இடிக்கும். சீனக் குழுத்தோழி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, மிளகும் சீரகமும் பூண்டும் என்னிடம் கேட்டு வாங்கிப்போய் வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கொண்டுவந்தார். ரசம் மாதிரியே இருக்கு என்று அண்ணன் அதை ருசித்துச் சாப்பிட்டார், வாசனைக்காகச் சொன்னாரா அன்புக்காகச் சொன்னாரா தெரியாது.

இரண்டரை வருடம் அப்படிப் போனது. சடங்கு எதுவும் வேண்டாம், செலவு வேண்டாம் என்று தன் கைப்பட எழுதிவைத்திருந்தார். அவர் போனதும் புளோக் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டோம். ஈசூனிலிருந்து அவர் தங்கை வந்தார், வந்ததும் தேவாரம் பாட வேண்டும் என்றார். எங்களுக்குள் பேச்சு எழுந்தது. எழுதிவைத்ததை மீறலாமா என்று இரண்டு பேர் வருத்தத்தோடு கேட்டார்கள், அவர்கள் கேட்டதும் நியாயம். நான் பாடட்டும் என்றேன். சடங்கு செய்யாதீர்கள் என்றுதான் எழுதினார், தங்கையை அழவிடாதீர்கள் என்று எழுதவில்லை. தங்கை கண்ணை மூடிக்கொண்டு பாடினார், நாங்கள் எழுந்து நின்றோம். அப்புறம் அவரவர் அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேசினோம். மேல்மாடிச் சீனப் பாட்டி ஒருவர், அண்ணன் பழுதுபார்த்துக் கொடுத்த மின்விசிறி இன்னும் ஓடுகிறது என்று பழைய சந்தை மலாயில் சொல்லிவிட்டு, "ஓராங் பாய்க்", நல்ல மனுஷன் என்று இரண்டு முறை சொன்னார். மண்டாய் தகனச்சாலையில் பெட்டி தானியங்கி வண்டியில் மெல்ல நகர்ந்து போவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். அஸ்தியை சுவா சூ காங்கில் 2021ல் திறந்த பூங்காவில் மண்ணில் தூவித் தண்ணீர் ஊற்றினோம். அங்கே பெயர்க்கல் கிடையாது, எந்தச் சமயத்தவரும் தூவலாம், சமயம் இல்லாதவரும் தூவலாம்.

தொண்டூழியம் என்று கேட்டால், அது உள்ளுக்குள் மட்டும் இல்லை. ஜாலான் ஊபியில் வில்லிங் ஹார்ட்ஸ் சமையற்கூடம் இருக்கிறது, தினமும் ஆயிரக்கணக்கான பொட்டலம் சாப்பாடு இல்லாதவர்களுக்கு அங்கிருந்து போகிறது. விடியுமுன் போய்க் காய் நறுக்குவோம், பக்கத்தில் நறுக்குகிறவர் தேவாலயத்திலிருந்து வந்தவரா பள்ளியிலிருந்து வந்தவரா என்று யாரும் கேட்பதில்லை. ரத்த தானமும் செய்கிறோம், பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் செய்கிற வேலைதான். வேலையில் அடிபட்டு, இழப்பீட்டு வழக்கு முடியும்வரை சம்பளமில்லாமல் காத்திருக்கும் நம் ஊர்த் தம்பிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. விபத்து நடந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், வலது கையில் இரண்டு விரல் போயிருந்தது, கடிதத்தை நான் படித்து முடிக்கும்வரை கட்டுப்போட்ட கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தார். கிளம்பும்போது, "அக்கா, நீங்க எந்தக் கோயில் ஆளுங்க?" என்று கேட்டார். கோயில் இல்லை தம்பி, சும்மா ஒரு சங்கம் என்றேன். அடுத்த வாரம் கடிதத்தோடு இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கல்யாணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இளையவர்கள் கேட்பார்கள். திருமணப் பதிவகத்தில் முன்கூட்டியே அறிவித்து வாங்கிய திருமண உரிமம், உரிமம் பெற்ற திருமணப் பதிவாளர் ஒருவர், 21 வயது நிறைந்த சாட்சிகள் இருவர், சட்டத்துக்கு இவை வேண்டும், சமயச் சடங்கு வேண்டியதில்லை. மீதியை நீங்களே அமைத்துக்கொள்ளலாம், நாங்கள் பாயசம் செய்து கொண்டுவருவோம்.

உங்களுக்கு நான் சொல்வது, கோயில் மனிதர்களை விட்டுவிடாதீர்கள். நம்பிக்கை போனதால் அவர்களும் போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. என் அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது இன்றும் நான்தான் கூட்டிப்போகிறேன், வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன், அவர் தோழிகள் எல்லோரும் என்னிடம் நலம் விசாரிக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஏதாவது ஒரு குழுவுக்குப் போய் நாலு கூட்டம் உட்கார்ந்து பாருங்கள். பேச்சைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கடைசியாக யாருக்கு உடம்பு சரியில்லை, யார் போய்ப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பெயரோடு பதில் வந்தால் அங்கே இருங்கள்.

போன மாதம் எங்கள் குழுவில் இன்னொருவருக்கு டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது, செவ்வாய், வியாழன், சனி. அண்ணனின் தங்கை எப்படியோ கேள்விப்பட்டு அழைத்தார், தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சனிக்கிழமை மட்டும் வேண்டாம்மா, கோயில்ல மாலை கட்டற வேலை இருக்கு என்றார். வியாழக்கிழமைக்கு அவர் பெயரை எழுதியிருக்கிறேன், புதன் இரவு எட்டரைக்கே செய்தி வந்துவிடுகிறது.