குரோஷியத் தற்காப்பாளர் ஷிமுனிச்: கேளுங்கள், சொல்கிறேன்

2014-ல் ஓய்வு பெற்ற கால்பந்து வீரர் யோசிப் ஷிமுனிச் பற்றிய கேள்விகள் மட்டும். மூன்று மஞ்சள் அட்டையை ஒருவர் கேட்டால் போதும், தயவு செய்து.

கே: அண்ணா, ஒரே ஆட்டத்தில் மூன்று மஞ்சள் அட்டை வாங்கியது நிஜமா?

ப: நிஜம்தான். 2006 உலகக் கோப்பை, ஜூன் 22, ஷ்டுட்கார்ட், எதிரணி ஆஸ்திரேலியா. 61-வது நிமிடத்தில் ஒன்று, 90-ல் இன்னொன்று. இரண்டு மஞ்சள் என்றாலே சிவப்பு, அத்தோடு வெளியே போயிருக்க வேண்டியவர் ஆட்டத்தைத் தொடர்ந்தார். கடைசி விசிலுக்குப் பிறகு நடுவர் கிரஹாம் போலிடம் மல்லுக்கு நின்றபோது மூன்றாவது, அப்புறம்தான் சிவப்பு. "நடுவர் எண்ண மறந்தார்" என்று வீடியோக்காரர்கள் தலைப்பு போடுவதை நம்பாதீர்கள். அவர் குறித்துக்கொண்டார், ஆனால் ஆஸ்திரேலியாவின் 3-ம் எண் கிரெய்க் மூர் பெயரில். ஷிமுனிச்சும் 3-ம் எண், பேசியதோ ஆஸ்திரேலிய ஆங்கிலம்.

கே: குரோஷியருக்கு ஏன் அந்தப் பேச்சு?

ப: பிறந்தது கான்பெராவில், 1978. மெல்போர்னில் குரோஷியக் குடியேறிகள் வளர்த்த நைட்ஸ் கிளப்பில் ஆடிவிட்டு 1997-ல் ஹாம்பர்க் போனார். அன்றைய ஆட்டமே கிட்டத்தட்ட சொந்தக்காரர் சண்டை: எதிரணியில் விடுகா, ஸ்கோகோ, கோல்கீப்பர் கலாச் எல்லோரும் குரோஷிய வம்சாவளி.

கே: மூணு மஞ்சள் கார்டு எப்படி சார்?

ப: மேலே இருக்கிறது.

கே: அட்டையை விடுங்கள், ஆள் நல்ல தற்காப்பாளரா?

ப: இதைக் கேட்க ஒருவராவது வந்தீர்களே! 2000 முதல் 2009 வரை ஜெர்மன் கிளப் ஹெர்த்தா பெர்லின். உயரமானவர், தலையால் முட்டி அனுப்புவதோடு நிற்காமல் பந்தை நிதானமாகக் காலில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து ஆட்டத்தைத் தொடங்கக்கூடியவர். 2008-09-ல் ஜெர்மன் லீக்கில் ஹெர்த்தா நான்காம் இடம். அந்தக் கோடையில் இவர் இன்னொரு ஜெர்மன் கிளப்பான ஹோஃபென்ஹைமுக்குப் போனார், அடுத்த பருவத்தில் ஹெர்த்தா கடைசி இடத்தில் விழுந்து கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. முன்களத்தில் வோரோனின், பான்டெலிச்சும் கிளம்பியிருந்தார்கள், ஆகவே முழுக் காரணம் இவர் இல்லை. நாட்டுக்காக 105 ஆட்டங்கள்.

கே: மோட்ரிச்?

ப: நடுக்களம் என் பேட்டை இல்லை.

கே: 2014 உலகக் கோப்பையில் ஏன் இல்லை?

ப: 2013 நவம்பர், ஜாக்ரெப். ஐஸ்லாந்தை 2-0 என்று வென்று தகுதி பெற்றதும் மைக்கைப் பிடித்து "ஸா டோம்" (தாய்நாட்டுக்காக) என்று கூவினார், அரங்கம் "ஸ்ப்ரெம்னி" (தயார்) என்றது. குரோஷியாவின் பாசிச உஸ்தாஷா ஆட்சியின் வணக்கம் அது. ஃபிஃபா 10 ஆட்டத் தடை விதித்தது.

கே: நாட்டுப்பற்றில் கத்தினால் தடையா? அநியாயம்!

ப: அவரும் அதைத்தான் சொன்னார். 1941-45-ல் நாஜிகளின் துணையோடு ஆண்டு, செர்பியர்களையும் யூதர்களையும் ரோமாக்களையும் கொன்று குவித்த ஆட்சி, தம்பி. அவர்கள் நடத்திய யாசெனோவாட்ஸ் வதைமுகாம் பற்றித் தேடிப் படியுங்கள்.

கே: அதற்கு முந்தைய காலத்திலேயே இருந்த முழக்கம் என்கிறார்களே?

ப: இருக்கட்டுமே, 2013-ல் அந்த அரங்கத்துக்கு எது நினைவு வரும்? விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடையை நீக்கவில்லை. குரோஷிய நீதிமன்றம் போட்ட அபராதத்தை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார், 2019-ல் அங்கும் எடுபடவில்லை. இதற்கு மேல் இந்தச் சண்டை வேண்டாம்.

கே: இரண்டாவது மஞ்சளுக்கே வெளியேற்றியிருந்தால் முடிவு மாறியிருக்குமா?

ப: மறுபடியும் அட்டையா! சரி, இது புதுக் கேள்வி. குரோஷியாவுக்கு வெற்றி தேவை, ஆட்டம் 2-2. இன்னொரு குரோஷியத் தற்காப்பாளர் ஷிமிச் ஏற்கெனவே சிவப்பு வாங்கிப் போயாயிற்று, ஆஸ்திரேலியாவில் எமர்ட்டனும். இவரும் போயிருந்தால் கடைசிச் சில நிமிடம் ஒன்பது பேரோடு கோல் தேடியிருப்பார்கள், அவ்வளவுதான். குரோஷியாவோடு வீட்டுக்குப் போன இன்னொருவர் நடுவர் கிரஹாம் போல், அந்தக் கோப்பையில் அவருக்கு வேறு ஆட்டம் தரவில்லை.